சீமாட்டியின் சிறுத்தையும் நாலு ஷில்லிங் கூலியும்

மும்பையில் 2023 ஜனவரியில் அம்பானி வீட்டு இளைய மகனின் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையின் மார்பில் ஒரு வைரச் சிறுத்தை! பாரிஸ் கார்ட்டியர் நகைக்கடையின் சரக்கு. முதலாளித்துவப் பத்திரிகைகள் வாயெல்லாம் பல்லாக வர்ணித்தன. விண்ட்ஸர் சீமாட்டி அணிந்த சிறுத்தையின் வம்சாவளியாம் இது! படப்பையிலே ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நம் பெண்கள், தங்கள் கையால் பொருத்திய செல்போனிலேயே இதைப் பார்த்து மகிழ வேண்டுமாம்.

வம்சாவளி பேசுகிறார்களா? நாமும் பேசுவோம்.

யார் இந்தச் சீமாட்டி? அமெரிக்காவில் பிறந்த வாலிஸ் சிம்ப்ஸன். அவருக்காக 1936 டிசம்பரில் முடி துறந்தவர் எட்டாவது எட்வர்ட். இளவரசராக 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தாரே, அவரேதான். நம் பாட்டன்மார் கடையடைத்து ஹர்த்தால் செய்து அவரை 'வரவேற்றார்கள்'! முடி போயிற்று, பணம் போகவில்லை. 1940-ல் ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த வேளையில், மாணிக்கமும் மரகதமும் நீலமும் வைரமும் இழைத்த பூநாரைப் பதக்கம் சீமாட்டிக்கு வந்தது. அதே வருஷம் எட்வர்ட் பஹாமாஸ் தீவுகளுக்குக் கவர்னரானார். அந்த நாட்டின் இன்றைய தேசியப் பறவை எது தெரியுமா? பூநாரை!

1942 ஜூனில் அங்கே நாஸா நகரில் விமானதளம் கட்டிய கறுப்பினத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வீதிக்கு வந்தார்கள். நாளொன்றுக்கு அவர்கள் கூலி 4 ஷில்லிங். கூட வேலை செய்த அமெரிக்கருக்கோ அதைவிட வெகு அதிகம். துருப்புகள் சுட்டன, தொழிலாளர் மாண்டனர். வாஷிங்டன் போயிருந்த கவர்னர் திரும்பி வந்து கொடுத்தது என்ன? ஒரு ஷில்லிங் உயர்வும் மத்தியானச் சாப்பாடும். அதுவும் பிணம் விழுந்த பிறகு!

1949-ல் சிறுத்தை வந்தது. அதன் காலடியில் 152.35 காரட் நீலக்கல். எந்த ஊர்க் கல்? காஷ்மீரக் கல்! மலையுச்சிப் பனியில் அதை வெட்டி எடுத்தவன் பேர் எந்த வம்சாவளியிலும் இல்லை. 1952-ல் செய்த சிறுத்தைக் காப்பு ஒன்று, 2010-ல் லண்டன் ஏலத்தில் 45 லட்சம் பவுனுக்குப் போயிற்று. அன்றைய கணக்கில் 30 கோடி ரூபாய்க்கு மேல். விவசாயக் கூலி நாளுக்கு 500 ரூபாய் என்றே வைப்போம். ஒரு நாள் விடாமல் உழைத்து, ஒரு கவளம் தின்னாமல் சேர்த்தாலும் 1,600 வருஷம் ஆகும்!

நகை அணிவதா குற்றம்? இல்லை. நம் வீட்டுக் குந்துமணித் தங்கத்தை யார் குறை சொன்னார்கள்? (அது பாதி நாள் அடகுக் கடையில் கிடக்கிறது என்பது வேறு விஷயம்.) சுதந்திரமான, அஞ்சாத பெண்ணின் சின்னம் இந்தச் சிறுத்தை என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம். அஞ்சாத பெண்ணைக் காண ஏலக்கடைக்குப் போவானேன்? 2021 டிசம்பரில் விடுதிச் சோறு விஷமாகித் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் சாலையை மறித்து உட்கார்ந்தார்களே! அவர்கள் மார்பில் வைரமில்லை. விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தரம் குறைந்தவை என்று ஆப்பிள் கம்பெனியே அந்த மாதம் முடிவதற்குள் ஒப்புக்கொண்டது.