ஒரகடம் சாலையில் விழுகிறவர்கள்

வேலை நிமித்தம் நம் ஊர்ப்பக்கம் வந்து சில ஆண்டுகள் தங்கிச் செல்லும் அயல்நாட்டினர் எழுதுகிற சைக்கிள் உலாக் குறிப்புகளுக்கென்று ஒரு வாய்பாடு உறுதிப்பட்டுவிட்டது. ஞாயிறு விடியுமுன் ஏழெட்டுப் பேர் கிளம்புகிறார்கள். மணிமங்கலம் ஏரிக்கரை, படப்பைப் பக்கத்து வயல்கள், ஏதேனும் ஒரு கோயில் குளம். நாய் துரத்துகிறது, எருமை மறிக்கிறது, சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்கிறது, மெல்லிய வால்வின் நுனித் திருகைத் தளர்த்த வேண்டும் என்றறியாத பஞ்சர் கடைக்காரர் அரைமணி நேரம் காற்றோடு மல்லுக்கு நிற்கிறார், ஒருவர் சேற்றில் விழுகிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள், பிறகு இளநீர். விழுந்தவருடைய முழங்காலின் புகைப்படத்தோடு குறிப்பு நிறைவுறுகிறது.

இத்தகைய குறிப்புகளை நம் இலக்கிய நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு, நாம் பார்க்கத் தவறிய நம் நிலத்தை அந்நியர் பார்த்துவிட்டாரே என்று பூரித்துப் போகிறார்கள். இந்தப் பூரிப்பின் மீதுதான் நமக்கு வழக்கு. சைக்கிளில் போனவர்கள் மீது நமக்கு எந்தப் புகாரும் இல்லை. சொந்த ஊரில் காரைவிட்டு இறங்காத நம் மேலாளர்களைவிட அவர்கள் ஆயிரம் மடங்கு மேல்.

விழுவதை வேடிக்கையாக்கும் இந்த மரபுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1938இல் கோலாலம்பூரில், கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயரும் நண்பர்களும் வாரம் ஒருமுறை ரப்பர்த் தோட்டங்களுக்குள் காகிதத் துண்டுகளின் தடம் பற்றி ஓடி, ஓட்டத்தின் முடிவில் பீர் குடிக்கும் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார்கள். ஹாஷ் ஓட்டம் என்று அது உலகெங்கும் பரவியது. பின்னாளில் அதே பாணியில் சைக்கிள் குழுக்களும் கிளைத்தன. வழி தவறியவருக்குக் கேலிப் பட்டம், சறுக்கி விழுந்தவருக்குக் கூடுதலாக ஒரு குவளை என்பது அவர்களுடைய சடங்கு. வெப்பமண்டலம் என்பது சேறும் பூச்சியும் சிரிப்பும் நிறைந்த ஒரு விளையாட்டுத் திடல். திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லாம் சரியாகிவிடும். வேறொருவருடைய வேலைத்தலம்தான் அந்தத் திடல் என்பது விளையாட்டு விதிகளுக்குள் வருவதில்லை. அது ரப்பர்த் தோட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்; அங்கே பால்வெட்டிய கைகளில் பல நம்முடையவை.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் தமிழ் வாசகனுக்கு இரண்டு நினைவுகள் எழும்: ராமானுஜர் பிறந்த 1017, ராஜீவ் காந்தி மாண்ட 1991. அதன்பின் அங்கே என்ன நடந்தது என்பதை நம் எழுத்து அதிகம் கவனிக்கவில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடிக்கொண்டு போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் லாரிகள். கொரிய மொழிப் பெயர்ப்பலகைகளும் ஜப்பானிய உணவகங்களும் வந்தன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. நாம் அறிந்த நாளில் புளியமரம் கவிந்த வழிகளாக இருந்த அவை, கண்டெய்னர்கள் துறைமுகத்துக்கு விரையும் பொருட்டு அகன்று விரிந்தன.

இந்தச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார்? ஞாயிறு காலைக் குழுவை விட்டுவிடுவோம். (மிதிவண்டி என்று எழுதினால் அரசாணை வாசனை வருவதால் சைக்கிள் என்றே எழுதுகிறோம்.) இரவு ஷிப்ட் காவலாளி ஓட்டுகிறார். நிரந்தரத் தொழிலாளிக்கும் பெரிய ஆலைகளின் பெண் தொழிலாளருக்கும் கம்பெனி பஸ் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட் இளைஞர்களில் பலருக்கு அது கிடையாது. பழைய சைக்கிளை வாங்கி, கைப்பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டி, வல்லத்திலும் மாத்தூரிலும் உள்ள லைன் வீடுகளிலிருந்து ஆலை வாயிலுக்கு மிதித்துப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள். இவர்களுடைய சைக்கிளில் பின்விளக்கு இராது. பிரேக் பாதி நாள் செருப்புதான்.

இவர்களும் விழுகிறார்கள். விழுகிற விதம் வேறு. நீண்ட டிரெய்லர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரம் போவதில்லை. தலைப்பகுதி அகலமாக வளைந்து போகையில் நீண்ட உடல் மூலையை உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். இடது முன்சக்கரத்தை ஒட்டிய இடம் அவருடைய கண்ணுக்கு எட்டாதது. சைக்கிள்காரர் போக வேண்டிய இடமோ அதே இடது ஓரம். லாரியின் தலை விலகிச் செல்வதைப் பார்த்து, வழி கிடைத்தது என்று அவர் முன்னே மிதிக்கும் கணத்தில்தான் அந்த வழி மூடுகிறது.

நடுத்தடுப்பையும் சொல்ல வேண்டும். தடுப்பில் திறப்புகள் தொலைவு தொலைவாக இருந்தால், எதிர்ப்புறம் இருக்கும் ஆலைக்குப் போக மோட்டார் வண்டிக்கு இரண்டு நிமிடம் கூடும். மிதிக்கிறவனுக்கு ஷிப்டில் அரைநாள் சம்பளம் போகலாம். ஆகவே அவன் ஓரத்தை ஒட்டி எதிர்த்திசையில் வருகிறான். அந்த ஓரத்தில் விளக்கணைத்து நிற்கும் லாரி. அதைச் சுற்றிக்கொள்ள நடுச்சாலைக்கு வளைகிறான். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி வருகிறது: வடமாநில வாலிபர், அடையாளம் தெரியாத வாகனம். பெயர் சில வேளை தவறாக அச்சாகியிருக்கும். முழங்காலின் புகைப்படம் இராது.

2022ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கு, விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டை முதலிடத்தில் வைத்தது: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அதே ஆண்டில் நாடு முழுவதும் சைக்கிளில் சென்று இறந்தவர்கள் நாலாயிரத்து எண்ணூறுக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் பத்தி கிடையாது.

இதே அரசுதான் சைக்கிளும் கொடுக்கிறது. 2001–02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005–06 முதல் அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்த திட்டம் அது. தமிழ்நாட்டின் நலத்திட்டங்களில் நாம் மனமாரப் பாராட்டுவனவற்றுள் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறியதன் வாரிசு என்றே அதைக் கருதலாம். ஒரு துறை சைக்கிளை வழங்குகிறது. இன்னொரு துறை அதை ஓட்ட முடியாத சாலையைப் போடுகிறது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கையே வகுத்தது. அதன் எல்லை மாநகராட்சியின் எல்லையோடு நின்றது. ஒரகடம் அதற்கு வெகு வெளியே. ஆறு தடங்களில் ஒன்றரை மீட்டரை, கல்வைத்துப் பிரித்து, மிதிக்கிறவனுக்கு விட்டிருக்கலாம். இத்தனை ஆண்டுகளாக இவ்வழியே போய்வரும் நாம் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

இங்கே முதலீடு செய்தவர்கள் மின்சாரம் கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள், துறைமுகத்துக்குச் சாலை கேட்டார்கள், அவை கிடைத்தன. தென்கொரியாவில் 2012இல் இஞ்சியோனிலிருந்து பூசான் வரை ஆற்றங்கரைகளைத் தொட்டுக்கொண்டு 633 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய லாரியிலும், ஓரத்தில் வரும் சைக்கிள்காரரைக் கண்டறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். தம் நாட்டில் இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவர் நம் சாலையில் விழுந்து எழுந்ததும் அதை வேடிக்கையாக எழுதுவதில் நமக்கு வியப்பில்லை. அவருக்கு இது விடுமுறை நாளின் விதிவிலக்கு. நாமும் சேர்ந்து அதை வேடிக்கையாகவே படிப்பதுதான் பொறுக்கவில்லை.

இலக்கியக்காரர்களான நம் பங்கு என்ன? டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) திரையிடப்படாத திரைப்படச் சங்கம் தமிழ்நாட்டில் உண்டா? சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு சைக்கிள் அவசியம், சைக்கிள் போனால் வேலை போகும் என்ற ஒற்றை நூலில் தொங்கும் அந்தக் கதைக்கு நாம் கண் கலங்குகிறோம். ரோம் நகரத் தொழிலாளியின் சைக்கிளுக்கு வாய்த்த கண்ணீர் வல்லத்துத் தொழிலாளியின் சைக்கிளுக்கு வாய்க்கவில்லை. நம் கதைகளில் சைக்கிள் பெரும்பாலும் வாடகைக் கடையில், மணிக்கணக்கில், அப்பாவின் ஞாபகத்தில் நிற்கிறது. ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து 2024இல் வந்த 'குரங்கு பெடல்' நல்ல படம்தான். அதுவும் எண்பதுகளின் கோடை விடுமுறைதான். சைக்கிளை நாம் பால்யத்திடம் ஒப்படைத்துவிட்டோம். நாற்பது வயதில், வீடியோ காலில் மட்டும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து மணி நேர வேலைக்குப் பின் அதை மிதிக்கிறவனுக்குத் தமிழில் இடம் இல்லை. அவன் தமிழ் பேசுவதில்லை என்பது காரணமாகாது. ரோமாபுரிக்காரனும் தமிழ் பேசவில்லை.

பயண எழுத்தை ஒட்டுமொத்தமாக நாம் தள்ளவில்லை என்பதற்கு ஒரு பெயர்: டெர்வ்லா மர்ஃபி. 1963இல் அயர்லாந்திலிருந்து புறப்பட்டு தில்லி வரை தனியாக மிதித்தவர். டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரைச் சுருக்கித் தம் சைக்கிளை 'ராஸ்' என்று அழைத்தவர். தமக்கு நேர்ந்ததைவிட வழியில் கண்டவர்களுக்கு நேர்ந்துகொண்டிருப்பதில் அவருக்கு அக்கறை அதிகம். அவரைப் படித்தபின் முழங்கால் புகைப்படங்கள் சலித்துப்போகும்.

நண்பர்கள் சிலர் இதற்குள் ஆட்சேபம் எழுப்பியிருப்பார்கள். அயல்நாட்டினர் தலைக்கவசம் அணிகிறார்கள், விளக்குப் பொருத்துகிறார்கள், இடப்பக்கமே போகிறார்கள். நம்மவர் விதி மீறுகிறார்கள், விழுகிறார்கள், இதில் என்ன வர்க்கப் பேச்சு என்பார்கள். சைக்கிள் தலைக்கவசம் தலை தரையில் மோதுவதைத் தாங்கச் செய்யப்பட்டது. டிரெய்லரின் பின்சக்கரத்துக்கு அது ஒரு தேங்காய் ஓடு. விளக்கு வாங்க வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். மாதக் கடைசியில் அந்த விளக்கின் விலை எத்தனை வேளைச் சாப்பாடு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் வருவதைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. மேலும், ஞாயிறு காலை ஆறு மணிச் சாலையும் ஷிப்ட் மாறும் இரவுச் சாலையும் ஒரே சாலை அல்ல. முன்னதில் ஓட்டுவது விருப்பம். வேண்டாமென்றால் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம்.

இன்னொரு ஆட்சேபம்: இது சாலைப் பொறியாளரின் பிரச்சினை, இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை? 2021 டிசம்பரில் ஒரு விடுதி உணவு நஞ்சாகி, மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தபோதுதான், இப்படி ஒரு மக்கள் திரள் அங்கே வாழ்கிறது என்பதே பலருக்குத் தெரிந்தது. அதன்பிறகு விடுதிகள் பற்றிப் பேச்சு வந்தது. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான விடுதி திறக்கப்பட்டது. பார்வைக்கு வந்தது கோப்புக்கும் வந்தது. சைக்கிள்காரர்கள் மறியல் செய்யும் அளவுக்கு ஒன்றாகச் சேர்ந்து விழுவதில்லை. ஒவ்வொருவராக, வெவ்வேறு இரவுகளில் விழுகிறார்கள். அவர்களைச் சேர்த்துப் பார்ப்பது எழுத்தின் வேலை.

விழுந்தபின் நடப்பதும் எழுதப்பட வேண்டியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு நிறுவப்பட்டால், பணியிட விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் திருத்தம் வந்தது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதை ஏற்றது. நல்ல சட்டம். ஆனால் நிறுவ வேண்டியது விழுந்தவன் தரப்பு. எந்த ஷிப்டுக்குப் போனான், எங்கே தங்கியிருந்தான், யாரிடம் வேலை செய்தான் என்பதற்குச் சாட்சி வேண்டும். ஆலை ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவருடைய கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வாடகைச் சீட்டு என்று எதுவும் லைன் வீட்டில் கொடுப்பதில்லை. வளைந்த சைக்கிள் காவல் நிலைய வளாகத்தில், வேறு பல சைக்கிள்களுக்கு நடுவே துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுவர, இரண்டு நாள் ரயில் பயணம் செய்து ஓர் அண்ணனோ மாமனோ வர வேண்டும். வந்தவருக்குப் புகார் மனு எழுதித் தர, அவர் மொழி தெரிந்த யாரேனும் கிடைக்க வேண்டும்.