மூச்சோடு ஒரு சொல்

நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு, மணிக்குத் தொள்ளாயிரம், பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளுக்கு 21,600. யோகசூடாமணி உபநிடதம் இந்த எண்ணிக்கையைத் தருகிறது. அமைதியாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறார் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. பழையவர்களின் கணக்கு அந்த எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. வெளியேறும் காற்றில் 'ஹ' என்ற ஒலியும் உட்புகும் காற்றில் 'ஸ' என்ற ஒலியும் இருப்பதாகக் கண்டு, ஒவ்வோர் உயிரும் தன்னையறியாமல் 'ஹம்ஸ' மந்திரத்தை ஓதிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். திருப்பிச் சொன்னால் 'ஸோஹம்'. 'அவனே நான்' என்பது பொருள். நாம் முயலாமலே நிகழ்வதால் இதற்கு 'அஜபா' என்று பெயர் வந்தது.

இதனை ஒரு தத்துவமாக ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். நாம் இங்கே பேச விரும்புவது அதன் நடைமுறைப் பயனைப் பற்றி. தியானம் என்றவுடன் தனி அறை, விரிப்பு, விடியற்காலை, பத்து நாள் முகாம் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு, அவை வாய்க்கும் நாள் வரட்டும் என்று ஒத்திப்போடுகிறோம். பெரும்பாலோர்க்கு அந்த நாள் வருவதில்லை. மூச்சோடு இணைந்த மௌன ஜபமோ, நாளின் நடுவிலேயே செய்வதற்கு உரியது என்பது எங்கள் கருத்து.

செய்முறை மிக எளிது. உள்மூச்சில் 'ஸோ', வெளிமூச்சில் 'ஹம்'. உதடும் நாவும் அசைய வேண்டியதில்லை. சொல் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. சிவநாமமோ இராமநாமமோ பழகியவர்கள் அதனையே மூச்சில் ஏற்றிக்கொள்ளலாம். சீக்கியர்கள் 'வாஹேகுரு' என்ற நாமத்தை மூச்சுக்கு மூச்சு நினைக்கிறார்கள். சூஃபி மரபில் மூச்சைக் காவல் காப்பதற்கே 'பாஸ் அன்ஃபாஸ்' என்று ஒரு பயிற்சி உண்டு. கீழைக் கிறித்தவத் துறவிகள் இயேசுவின் திருப்பெயரை மூச்சோடு இணைத்தனர். இறைநம்பிக்கை இல்லாதவருக்கு 'அமைதி' என்ற சொல் போதும். குருவிடம் மந்திரம் பெற்றவர்கள் அதனை மாற்ற வேண்டாம். ஆனால் பணம் கட்டினால்தான் 'உங்களுக்கே உரிய' சொல் கிடைக்கும் என்று எவரேனும் விலை பேசினால், பணப்பையை மூடிவைப்பதே நல்லது என்போம்.

ஜபத்தை வாய்விட்டுச் சொல்வது, முணுமுணுப்பது, மனத்துக்குள் சொல்வது என மூவகையாகப் பிரித்த நம் நூல்கள், மூன்றாவதையே உயர்ந்ததாக வைத்தன. அந்தத் தரவரிசைக்கு அவர்கள் சொன்ன காரணம் எதுவாயினும், இன்றைய வாழ்வில் அதற்கு வேறொரு வசதியும் சேர்ந்திருக்கிறது: நீங்கள் செய்வது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மின்தூக்கியில், மருத்துவமனை வரிசையில், புறநகர் ரயிலில், ஏன், எங்கள் கிளையில் டோக்கன் எண் வரும்வரை காத்திருக்கும் நேரத்திலும் இதனைச் செய்யலாம். (காத்திருக்கும் நேரம் குறையவேண்டும் என்பதில் எங்களுக்கும் மாறுபாடு இல்லை.) வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம், அப்போது கவனம் முழுவதும் சாலைக்கு உரியது.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமாக உள்ள 23 பேர், இலத்தீன் மொழியில் மரியன்னை செபத்தையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரத்தையும் ஓதினார்கள். இரண்டிலும் அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் சீரமைப்பும் மேம்பட்டது. இந்த ஆய்வை மேடைதோறும் எடுத்துக்காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஓதியது வாய்விட்டு. ஒலியெழுப்பும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. மனத்துக்குள் சொல்லும்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே 'நிமிடத்துக்கு ஆறு' என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப்பிடிப்பது இப்பயிற்சி அன்று. தொடக்கத்தில் நாமும் அந்தத் தவற்றைச் செய்து, தலைசுற்றலோடு எழுந்திருக்கிறோம். மூச்சு தன் போக்கில் போகவேண்டும்; சொல் அதன் பின்னால் போகவேண்டும்.

நான்கு மூச்சுக்குள் மனம் மாதத் தவணைக்கோ மகளின் தேர்வுக்கோ போய்விடும். போனது தெரிந்தவுடன் சொல்லுக்குத் திரும்புகிறோம். ஒருநாளில் ஐம்பது முறை திரும்பினால் ஐம்பது முறை பயிற்சி நடந்தது என்று பொருள். எத்தனை நாள் விடாமல் செய்தோம் என்று கைப்பேசிச் செயலிகள் காட்டும் கணக்கில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. சேமிப்புக் கணக்கோடு ஒப்பிட்டு இரண்டு வரி எழுத ஆசைதான். ஆனால் இதில் இருப்பைப் பார்க்க வழியில்லை.

அச்சம் கொண்டவர்களுக்கும் இப்பழக்கம் துணையாக இருந்திருக்கிறது. பேய்க்கும் பாம்புக்கும் நடுங்கிய சிறுவன் காந்திக்கு, இராமநாமத்தைச் சொல்லும்படி கற்றுத் தந்தவர் அவ்வீட்டுப் பணிப்பெண் ரம்பா. 'சத்திய சோதனை'யில் காந்தியடிகள் அவரை நன்றியோடு நினைவுகூர்கிறார். இன்றைய பேய்கள் காணொளி அழைப்பில் சீருடையோடு வருகின்றன. 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது. நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்' என்பார்கள். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் விளக்கி, நின்று, சிந்தித்து, பிறகு செயல்படும்படி கேட்டுக்கொண்டார். தகவல் பலருக்கும் தெரிந்ததுதான். மிரட்டலின் நடுவில் நிற்பது எப்படி என்பதே தெரிவதில்லை. மோசடிக்காரர்கள் நம் அறியாமையைவிட நம் பதற்றத்தையே அதிகம் நம்புகிறார்கள். அதனால்தான் அழைப்பைத் துண்டிக்க விடுவதில்லை, வீட்டாரிடம் பேச விடுவதில்லை.

எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவரின் தந்தை புனேயில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல ஆண்டுகளாக மூச்சோடு நாமம் சொல்லிவருபவர். அவருக்கும் அந்த அழைப்பு வந்தது. இருபது நிமிடம் அவர்கள் சொன்னபடியெல்லாம் கேட்டார்; நிலை வைப்பை முறித்து ஒரு 'பாதுகாப்புக் கணக்கு'க்கு மாற்றச் சம்மதித்தும்விட்டார். பயிற்சி அவரை அந்த இருபது நிமிடம் காப்பாற்றவில்லை என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். வைப்புச் சான்றிதழை எடுக்க அலமாரியைத் திறந்தபோது, தம் மூச்சு மேல்நெஞ்சில் ஓடிக்கொண்டிருப்பதையும் அதில் நாமம் இல்லாததையும் கவனித்தாராம். அப்படியே நின்று மூன்று மூச்சு நாமத்தோடு விட்டார். 'இவன் யார், நான் ஏன் இவனுக்குக் கணக்குச் சொல்லவேண்டும்' என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அழைப்பைத் துண்டித்து, மகளைக் கூப்பிட்டு, இருவருமாக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தார்கள்.

மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் படபடப்பை மிகுவிக்கும் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறோம். அவர்கள் கண்ணைத் திறந்து, பயிற்சியை நிறுத்திவிடலாம். உறக்கமின்மையோ சோர்வோ நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும்; அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அழைப்பைத் துண்டித்த பிறகும் அரைமணி நேரம் கை நடுங்கியதாக அந்த ஆசிரியர் சொன்னார். அன்று இரவு படுத்தபின் நாமம் ஓடவே இல்லையாம். மறுநாள் காலை, பால் வாங்கப் போகும் வழியில் மீண்டும் தொடங்கியது என்றார்.