கிணற்று நீரும் கல்லூரிப் படிப்பும்

"சரித்திரமும் சமூக சாஸ்திரமும் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நம் நாட்டில் புதிதன்று. வைத்தியப் படிப்பு நோயைத் தீர்க்கும். என்ஜினீயர் படிப்பு பாலம் கட்டும். மற்றப் படிப்பெல்லாம் பரீட்சை எழுதிவிட்டு மறப்பதற்கே என்பது நம்மில் பலருடைய தீர்மானம். அப்படித் தீர்மானித்திருப்பவர்கள் ஒரு நாள் ரயிலேறி ஆம்பூருக்குப் போய் வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆம்பூர் என்றதும் நேயர்களுக்குப் பிரியாணியின் மணம் நினைவுக்கு வரும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வூர்க் காற்றில் வேறொரு வாசனையும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே பதனிட்ட தோலில் செய்த பாதரட்சைகள் கடல் கடந்து சென்று சீமைச் சீமான்களின் கால்களைக் காக்கின்றன. அத்தொழிலால் எத்தனையோ ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதே கரையில் வாழும் குடியானவர்களோ, கிணற்று நீர் கெட்டதென்றும் நிலம் பாழானதென்றும் நெடுங்காலமாக முறையிட்டு வந்தார்கள்.

ஏழையின் இத்தகைய முறையீட்டுக்கு உலகெங்கும் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "அத்தாட்சி எங்கே?" இந்த இடத்திலேதான் படிப்பு வந்து சாட்சிக் கூண்டில் ஏறுகிறது.

முதற் சாட்சி ரசாயன சாஸ்திரம். பச்சைத் தோல் அழுகாமல் இருப்பதற்காக அதற்கு உப்பிடுகிறார்கள். பதனிடத் தொடங்குமுன் அந்த உப்பைக் கழுவித் தீரவேண்டும். முற்காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு நாட்கணக்கில் பதனிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை குரோமியம் கொண்டு பதனிடும் முறையைச் சென்னையில் பரீட்சித்துப் பரப்பினார். வேலை விரைந்தது, ஆனால் தோலில் ஒட்டாத குரோமியம் கழிவுநீரோடு போயிற்று. அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உப்பைத் தின்று தீர்க்கும் உயிர் கிடையாது. அது மண்ணில் இறங்கி ஊற்றிலே கலக்கிறது. "தண்ணீர் கரிக்கிறது" என்று பாட்டி நாக்கினால் அறிந்த உண்மையைச் சோதனைச்சாலை எடை போட்டுக் காட்டுகிறது.

இரண்டாம் சாட்சி விவசாய ஆராய்ச்சி. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலையின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் நடத்திய கணக்கெடுப்பு கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. தோல் ஆலைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று அது கூறியது. தோல் ஆலைகள் உள்ள திண்டுக்கல் பக்கத்திலும் 13 கிராமங்களில் ஒரு தொண்டர் குழுவினர் கிணறு கிணறாகச் சென்று பார்த்தார்கள். 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. புலம்பலைத் தட்டிக் கழிக்கலாம். எண்ணிக்கையை அவ்வாறு தட்டிக் கழிப்பது எளிதன்று.

மூன்றாம் சாட்சி சரித்திரம். 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் அளித்த தீர்ப்பில், பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நியாய சாஸ்திரி பிளாக்ஸ்டனின் கருத்து எடுத்துக்காட்டப்பட்டது. தோல் பதனிடுவது அவசியமான தொழிலே ஆனாலும், அயலாருக்குத் துன்பம் தராத இடத்தில் நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புத்தக அலமாரியில் இருந்த நியாயம் பாலாற்றங்கரைக் குடியானவனுக்கு வக்காலத்து வாங்கியது! கேடு விளையுமுன் தடுக்கவேண்டும், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற இரு கொள்கைகளும் அத்தீர்ப்பினால் நம் தேசத்துச் சட்டத்தில் நிலைபெற்றன.

நான்காம் சாட்சி சமூக சாஸ்திரம். வேலூரில் 1910-ல் பிறந்த மால்கம் ஆதிசேஷய்யா உலக அரங்கில் பெரும் பதவி வகித்துத் திரும்பி, 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்தார். அங்கே பணியாற்றிய பேராசிரியர் ஜனகராஜன் பாலாற்றுப் பிரதேசத்தின் நீர்ப் பூசல்களை ஆராய்ந்தவர். இத்துறை கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? கிணற்றை இழந்தவரின் மகனே ஆலையில் கூலி வாங்கும்போது கிராமம் ஒரே குரலில் பேச முடியுமா? இந்தக் கேள்விகளுக்குச் சோதனைக் குழாயில் விடை கிடைக்காது.

இத்தனை சாட்சிகள் பேசியும் காரியம் முடிந்ததா? இல்லை. 2025-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புக் கூற நேர்ந்தது. ஈடு கிடைக்காத குடும்பங்களுக்குச் சர்க்கார் அதைக் கொடுத்துவிட்டு, ஆற்றைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கவேண்டுமென்று உத்தரவாயிற்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன! அதற்குள் ஒரு தலைமுறை அந்தத் தண்ணீரோடு வளர்ந்துவிட்டது. ஆராய்ச்சி வழியைக் காட்டும். அவ்வழியில் நடக்கவேண்டியவர்கள் சர்க்காரும் முதலாளிகளும் ஜனங்களுமே.

"ஆலையை மூடிவிடலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்த அடுப்புகளை அணைக்கும்படி நாம் சொல்லமாட்டோம். 1948-ல் அடையாற்றில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், உப்பையும் குரோமியத்தையும் குறைத்துப் பதனிடும் வழிகளைக் கண்டு சொல்லி வருகிறது. கூலியா குடிநீரா என்று ஏழையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அநீதி. இரண்டும் அவனுக்கு உரியவை. இரண்டையும் தருவதற்கான வழியைப் படித்தவர்கள் தேடித் தரவேண்டும்.

ஆகையால் பெற்றோர்களே, உங்கள் மகள் சரித்திரமோ சமூக சாஸ்திரமோ படிக்க விரும்பினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். என்றைக்காவது ஒரு கிராமம் தன் கிணற்றைக் காட்டிக் கண் கலங்கும்போது, அதன் சார்பில் கணக்கெடுத்து எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் வீட்டிலிருந்து போகட்டுமே!