காணாமல் போகும் பிள்ளைகளும் நாம தேடுற சைக்கோவும்

ஸ்கூல் டூர் போன பிள்ளைகள்ல நாலு பேர் திரும்பி பஸ்ஸுக்கு வரலை. இந்த ஒன்லைனைச் சொன்னா போதும், ஹாஸ்டல்ல பாதிப் பேர் லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்துடுவோம். அடுத்து என்ன வரும்னும் நமக்குத் தெரியும். எப்பவும் சிரிச்ச முகமா ஒரு பி.டி. வாத்தியார், வாயே திறக்காத பஸ் டிரைவர், சின்ன வயசுல அடிபட்டு மனசு திரிஞ்சுபோன ஒருத்தன். கிளைமாக்ஸ்ல ஒரு ஃப்ளாஷ்பேக். 2018ல ராட்சசன் வந்ததுக்கப்புறம் இந்த அச்சு நம்ம ஊர்ல நல்லா கெட்டிப்பட்டுப் போச்சு. 2023ல போர் தொழில் வந்து பக்கத்துல இருக்கிற திருச்சியையே சைக்கோ ஊராக் காட்டிச்சு. ரெண்டுமே நல்ல படம், நானும் ரெண்டு ரெண்டு தடவை பார்த்தவன்தான். அதுங்களோட எனக்குச் சண்டை இல்லை. டூர் போற பிள்ளைகள் காணாம போறதுன்னாலே நம்ம மூளை நேரா ஒரு சைக்கோவைத் தேடி ஓடுது பாருங்க, அதோடதான் சண்டை.

இந்த மாதிரிக் கதையை எடுக்க நம்ம ரெண்டு மாவட்டத்தை விட லொகேஷன் கிடையாதுன்னு வேற ஒரு பேச்சு. அதுவும் உண்மைதான். கொளக்காநத்தம் பக்கம் காரைக்குப் போயிருக்கீங்களா? மழைத்தண்ணி அரிச்சு அரிச்சு மடிப்பு மடிப்பா விட்டுப்போன களிமண் மேடுகள். ஒரு மேட்டைச் சுத்தி அந்தப் பக்கம் போனா கூட வந்தவன் கண்ணுல பட மாட்டான். ஒரு காலத்துல இதெல்லாம் கடல். அம்மோனைட் மாதிரி கடல் உயிரிகளோட படிமங்கள் இன்னும் மண்ணுல கிடக்கு. சாத்தனூர்ல கல்லாப்போன மரம் ஒண்ணு 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கு, வயசு சுமார் 12 கோடி வருஷம். ஜியாலஜி பசங்க எங்கெங்கேயோ இருந்து ஃபீல்டு ட்ரிப்புன்னு இங்கதான் வர்றாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வர்றாங்க.

சரி, அந்தப் பிள்ளைகளுக்கு இங்க நிஜமா எதனால ஆபத்து வரும்? அரியலூர் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டின குழிகள், பெரம்பலூர் பக்கம் கல்குவாரிக் குழிகள். மழை பெஞ்சா நிரம்பும். மேல இருந்து பார்த்தா நீலமா, பச்சையா, போட்டோவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஏரி மாதிரி சரிவா இறங்காது, செங்குத்தா வெட்டின சுவரு. கால் வெச்ச இடத்துலயே ஆழம். இறங்கினவனுக்கு ஏற வழி இருக்காது. அதைச் சுத்தி ஒரு வேலி போடாம விட்டவருக்கு ஃப்ளாஷ்பேக் எழுதச் சொன்னா எந்த ரைட்டராலயும் முடியாது. அவரு குடும்பத்தோட நல்லா இருக்கிற சாதாரண மனுஷன்.

இந்த வகைக் கதைக்கெல்லாம் பாட்டி மாதிரி ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியாவுல ஜோன் லிண்ட்சே 1967ல எழுதின பிக்னிக் அட் ஹேங்கிங் ராக் நாவல், 1975ல பீட்டர் வெயர் படமா எடுத்தார். 1900 காதலர் தினத்தன்னைக்கு பிக்னிக் போன மாணவிகள் சிலரும் ஒரு டீச்சரும் ஒரு பாறைமேல ஏறிப் போறாங்க, காணாம போயிடுறாங்க. ஏன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. முழுக்கக் கற்பனை, ஆனா நிஜமா நடந்ததுன்னு நம்புறவங்க இன்னைக்கும் இருக்காங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அவங்களைத் தூக்கிட்டுப் போனவன்னு ஒருத்தனை உருவாக்கலை. பாறை இருந்தது, வெயில் இருந்தது, திரும்பி வரலை, அவ்வளவுதான்.

இனி கற்பனை இல்லாததுக்கு வருவோம். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய கேஸ், ஏன்னா போனவங்க நம்மளை மாதிரியே பொறியியல் மாணவர்கள்.

2014 ஜூன் 8. ஹைதராபாத்தின் வி.என்.ஆர். விக்ஞான ஜோதி பொறியியல் கல்லூரிப் பசங்க ஹிமாச்சலப் பிரதேசத்துக்கு டூர் போயிருந்தாங்க. மணாலி போற வழியில, மண்டி மாவட்டத்துல தலௌட்டுங்கிற இடத்துல பஸ்ஸை நிறுத்தினாங்க. கீழ பியாஸ் ஆறு. தண்ணி குறைவா இருந்தது, நடுவுல பாறைங்க தெரிஞ்சது. இறங்கிப் போய் போட்டோ எடுத்தாங்க. நாமளும் அதைத்தான் செஞ்சிருப்போம். ஆத்துல கொஞ்சம் மேல லார்ஜி அணை இருந்தது. அதுலேர்ந்து தண்ணி திறந்து விட்டாங்க. பாறைமேல ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்னவங்களை ஆறு கொண்டு போயிடுச்சு. 24 மாணவ மாணவிகள், டூர் ஏற்பாடு செஞ்ச ஒருத்தர். உடல்களை வாரக்கணக்குல தேடினாங்க. காணாம போனவங்கன்னு டிவியில ஓடின அந்தப் பட்டியல் ஒவ்வொரு பேரா சுருங்கினது.

அணை ஏன் திறந்துச்சு? ட்ரிபிள் ஈ பசங்க இதைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க. லார்ஜி 126 மெகாவாட் நீர்மின் நிலையம். மேட்டூர் மாதிரி மாசக்கணக்குல தண்ணியைத் தேக்கி வைக்கிற இடம் அதுக்குக் கிடையாது. வர்ற தண்ணியை டர்பைன் வழியா ஓட்டிக்கிட்டே இருக்கணும். கிரிட்டுல தேவை குறைஞ்சா, உற்பத்தியைக் குறைச்சுக்கோன்னு லோடு டெஸ்பேட்ச் சென்டர்லேர்ந்து சொல்லுவாங்க. டர்பைனுக்குள்ள போகாத தண்ணி எங்க போகும்? கேட் வழியா ஆத்துக்குத்தான். அன்னைக்கும் உற்பத்தியைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தாங்க. கண்ட்ரோல் ரூம் கணக்குல அது ஒரு சாதாரண ஆபரேஷன். கீழ ஆத்துக்குள்ள ஆள் நிக்கிறாங்களான்னு பார்க்கிறது அந்தக் கணக்குலயே இல்லை. ஆத்துக்குள்ள இறங்காம தடுக்கிற வேலியும் இல்லை, வேளையோட காதுல விழற எச்சரிக்கையும் இல்லை.

ஹிமாச்சல் உயர் நீதிமன்றம் இந்த வழக்கைத் தானா முன்வந்து எடுத்தது. 2016 ஜனவரியில ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. யார் தரணும்? மின்வாரியம் 60 சதவீதம், கல்லூரி 30 சதவீதம், மாநில அரசு 10 சதவீதம். இந்த த்ரில்லர்ல வில்லன் யாருன்னு கேட்டா பதில் இந்த மூணு நம்பர்தான். முகமூடியைக் கழட்டிப் பார்த்தா உள்ள ஒரு மூஞ்சி இல்லை, ஒரு விகிதாச்சாரம் இருக்கு. இதை வெச்சு யாரும் படம் எடுக்க மாட்டாங்க.

ஹிமாச்சல் தூரம்னு நினைச்சா, மாயனூர் நம்மகிட்டேர்ந்து ரெண்டு மணி நேரம். 2023 பிப்ரவரி 15. விராலிமலை பக்கம் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளிப் பொண்ணுங்க ஃபுட்பால் ஆட தொட்டியம் பக்கம் வந்தாங்க. அங்கேர்ந்து மாயனூர் கதவணையைப் பார்க்கப் போய் காவிரியில இறங்கினாங்க. நாலு பேர் முழுகிப் போனாங்க. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள். அப்புறம் நடந்தது வழக்கமா நடக்கிறது: தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் சஸ்பெண்ட், குடும்பத்துக்கு நிவாரணம், ரெண்டு நாள் நியூஸ். ஊர்ப்பிள்ளைகளுக்குக் குளம், வாய்க்கால் பழக்கம் இருக்கும். ஆனா கதவணையை ஒட்டின ஆறு வேற. வேகமும் சுழலும் மேல இருந்து பார்த்தா தெரியாது. அதைச் சொல்ல அங்க ஒரு ஆள் இருந்திருக்கணும்.

நம்ம கொள்ளிடமும் இதே ரகம்தான். திருமானூர் பாலத்துல நின்னு பார்த்தா வருஷத்துல பல மாசம் வெறும் மணல். மேட்டூர் நிரம்பி உபரி வந்தா முக்கொம்புலேர்ந்து கொள்ளிடத்துலதான் திருப்பி விடுவாங்க. மணல் அள்ளின பள்ளம் அப்ப தண்ணிக்கு அடியில போயிடும்.

இன்னும் சிலதை வேகமாச் சொல்லிடுறேன். 2007 பிப்ரவரி 20, கேரளாவுல தட்டேக்காடு, பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 15 பிள்ளைகள், 3 ஆசிரியர்கள். 2024 ஜனவரி 18, குஜராத் வடோதராவுல ஹர்னி ஏரி, 12 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். ரெண்டு இடத்துலயும் படகுல ஏத்தினது தாங்குறதை விட அதிகம். வடோதராவுல பெரும்பாலான பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டே போடலை.

'சைக்கலாஜிகல்'னு சொல்ற அளவுக்கு மனசுக்குள்ள போற கேஸ் வேணும்னா தென் கொரியாவுக்குப் போங்க. 2014 ஏப்ரல் 16, செவோல் கப்பல். டான்வோன் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஜேஜு தீவுக்கு டூர் போயிட்டிருந்தாங்க. கப்பல் சாய ஆரம்பிச்சதும் ஸ்பீக்கர்ல திரும்பத் திரும்ப ஒரே அறிவிப்பு: இருக்கிற இடத்துலயே இருங்க. பிள்ளைகள் இருந்தாங்க. கேப்டன் தப்பிச்சுப் போயிட்டார். இறந்த 304 பேர்ல 250 பேர் அந்த மாணவர்கள். சொல்பேச்சு கேட்டவங்க. நல்ல பிள்ளைன்னு நம்ம வாத்தியாருங்க யாரைச் சொல்லுவாங்களோ, அந்தப் பிள்ளைங்க. எந்த சைக்கோ படமும் என்னை இந்த அளவுக்குத் தூங்க விடாமப் பண்ணினது இல்லை.

சினிமாதானே, ஜாலிக்குப் பார்க்கிறோம், அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னு கேட்பீங்க. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல நடந்ததை ஞாபகப்படுத்துறேன். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வதந்தி ஓடிட்டிருந்த நேரம். சென்னையிலேர்ந்து சொந்தக்காரங்களோட கோயிலுக்குப் போன 65 வயசு அம்மா ஒருத்தர், வழியில இருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. கூட்டம் கூடி அடிச்சே கொன்னுடுச்சு. அதைச் செஞ்சவங்க யாரும் சைக்கோ இல்லை. தன் பிள்ளையைக் காப்பாத்துறோம்னு நம்பினவங்க. பிள்ளை பிடிக்கிறவன்ங்கிற உருவம் நம்ம தலைக்குள்ள எவ்வளவு ஆழமா உட்கார்ந்திருக்குன்னா, சாக்லேட் நீட்டின பாட்டியிலயும் அவன்தான் தெரியுறான். வேலி இல்லாத குவாரிக் குழியில அவன் தெரியறதே இல்லை.

பிள்ளைகளைக் குறிவைக்கிற ஆட்கள் நிஜமாவே இல்லையான்னு கேட்டா, இருக்காங்க. ஆனா போக்சோ வழக்குகளைப் பார்த்தா குற்றவாளி பெரும்பாலும் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஆள்தான். பக்கத்து வீடு, சொந்தம், டியூஷன். காட்டுக்குள்ள பொம்மையோட காத்திருக்கிறவன் இல்லை.

வில்லன் இல்லாம படம் ஓடாதுங்கிற சாக்கையும் இனிமே யாரும் சொல்ல முடியாது. 2024ல மஞ்ஞும்மல் பாய்ஸ் மலையாளத்துலயே தமிழ்நாட்டுல எப்படி ஓடிச்சுன்னு பார்த்தோம். 2006ல கொடைக்கானல் குணா குகையில நிஜமா நடந்தது. டூர் வந்த கூட்டம், தடையைத் தாண்டினாங்க, ஒருத்தன் குழிக்குள்ள போயிட்டான். மொத்தப் படத்துக்கும் ஒரு குழி, ஒரு கயிறு, கூட்டிட்டு வந்தவனை விட்டுட்டுப் போக மாட்டேன்னு நின்ன பசங்க. தியேட்டர்ல நாம மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தோம்ல? அந்த மாதிரி ஒண்ணு மாயனூரை வெச்சு, அரியலூர் சுரங்கக் குழியை வெச்சு யாராவது எடுக்கணும். நம்ம காலேஜ்லயே ஷார்ட் ஃபிலிம் டீம் இருக்கு, வருஷா வருஷம் ஒரு சைக்கோ கதை எடுக்குது. இந்த வருஷம் கேமராவைக் கொஞ்சம் திருப்பலாம்.

படம் எடுக்காதவங்களுக்கும் வேலை இருக்கு, ஏன்னா ஐ.வி. சீசன் வருது. எந்தக் காலேஜா இருந்தாலும் ஐ.வி.க்கு முன்னாடி அப்பா அம்மாகிட்ட ஒரு படிவத்துல கையெழுத்து வாங்குவாங்க: அசம்பாவிதம் நடந்தா நிர்வாகம் பொறுப்பில்லை. நாமளும் என்ன ஏதுன்னு படிக்காம வாங்கிட்டு வந்து நீட்டுவோம், பஸ்ல யார் பக்கத்துல யார்ங்கிறதுதான் நமக்குப் பெரிய பிரச்சினை. காலேஜ் கூட்டிட்டுப் போன டூர்ல காலேஜுக்கும் பொறுப்பு உண்டுன்னு அந்த 30 சதவீதம் சொல்லுது. அதனால கேட்கிறதுக்கு வெட்கப்பட வேண்டாம். ஃபேக்டரி விசிட் முடிஞ்சு சாயங்காலம் எங்க நிறுத்தப் போறாங்க, ஷெட்யூல்ல இல்லாத அருவியும் ஆறும் யார் முடிவுல சேருது, மேல அணை இருக்கான்னு பார்த்தாச்சா, படகுன்னா எல்லாருக்கும் ஜாக்கெட் உண்டா. கேட்டா 'பயந்தாங்கொள்ளி'ன்னு பின்சீட்டுல நாலு பேர் ஓட்டுவாங்க. ஓட்டட்டும்.

பஸ் கிளம்புறப்ப 'எல்லாரும் வந்தாச்சா'ன்னு கேட்டா கோரஸா 'வந்தாச்சு'ன்னு கத்துறது நம்ம வழக்கம். வராதவன் எப்படிக் கத்துவான்? லிஸ்டைக் கையில வெச்சுக்கிட்டு பேர் பேரா எண்ணுறதுக்கு ஒரு ஆள் வேணும். பஸ்ஸுக்கு மட்டுமில்ல, ஆத்துலேர்ந்து மேல ஏறுறப்பவும். அது சாரா, ரெப்பா, இல்ல நீங்களான்னு கிளம்புறதுக்கு முந்தின நாளே பேசி முடிச்சுடுங்க.