நின்ற பின் வருவது மாதவிடாய் அன்று

சென்ற மாதம் தில்லியில் ஒரு மருத்துவமனைக்குப் பெரியம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். வயது 56, மாதவிடாய் நின்று 5 ஆண்டுகள் ஆகின்றன. படிவம் நிரப்பிய செவிலியர், கடைசி ‘மஹீனா’ எப்போது என்று இந்தியில் கேட்டார். மொழிபெயர்த்தேன். “போன வாரம்” என்றார் பெரியம்மா. அதையும் மொழிபெயர்த்தேன், தேதி பதிவாயிற்று. மொழியியல் படித்த எனக்கு அவ்விடையிலிருந்த பிழை உறைக்கவில்லை. வயதைக் கவனித்த மருத்துவரே மீண்டும் கேட்டார்.

அதற்கு முன் நான்கு மாதங்களாக அவ்வப்போது இரத்தக்கறை கண்டிருக்கிறார். “திரும்பவும் தூரமாயிட்டேன் போல, உடம்புச் சூடுதான்” என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். (இதை எழுத அவரே இசைவு தந்தார்.) ‘தூரம்’ என்பதைத் தவிர அவரிடம் வேறு சொல் இல்லை.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. அதன்பின் ஒரு துளி தென்பட்டாலும் ஆராயப்பட வேண்டும். பெரும்பாலும் காரணம் அஞ்சத்தக்கதன்று: ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனிச் சுவரும் கருப்பையின் உட்படலமும் மெலிந்து கசிகின்றன. பாலிப் இருக்கலாம், உட்படலம் மிகையாகத் தடித்திருக்கலாம், ஹார்மோன் மாத்திரையோ, மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபெனோ காரணமாகலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயும் இவ்வாறு வெளிப்படுவதுண்டு. ஆயினும் இப்படிக் குருதி காண்போரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் அந்நோய்க்கு ஆளாகும் பெண்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இக்குருதிப்போக்கைக் கண்டவர்களே. தொடக்க நிலையிலேயே பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் நோய் இது. அந்த அறிகுறியைத்தான் ‘தூரம்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவைக்கிறோம்.

‘மாதவிடாய் நிறைவுக்குப் பிந்தைய குருதிப்போக்கு’ என்று கலைச்சொல் ஆக்கிவிடலாம். எந்தப் பெரியம்மாவும் அதைச் சொல்லப்போவதில்லை. ஆகவே மாற வேண்டியது கேள்வி என்பேன். ‘கடைசியாக எப்போது?’ என்ற வினா, எந்தக் குருதியையும் மாதவிடாயாக எண்ணிக்கொள்ள இடம் தருகிறது. 45 வயதைக் கடந்த பெண்ணிடம் அதை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: ‘எப்போது நின்றது? நின்ற பிறகு துணியில் இரத்தம் பட்டதா?’ மருத்துவமனையில் மட்டுமன்று, விடுமுறைக்கு ஊர் செல்லும் நாமும் வீட்டில் கேட்கலாம். கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது.

அல்ட்ராசவுண்டில் பெரியம்மாவின் உட்படலத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்ததால் திசு எடுத்து ஆய்ந்தார்கள். பாலிப்தான், அகற்றியாயிற்று. அவரது கோப்பின் முதல் பக்கத்தில், ‘கடைசி மாதவிடாய்’ என்ற கட்டத்தில், நான் மொழிபெயர்த்துச் சொன்ன அந்தத் தேதி இன்னும் அப்படியே இருக்கிறது.