உறைமாவுக்கு விலை வைக்க வேண்டாம்

பாலுக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் கேட்டு வருபவரிடம் நம்ம ஊரில் யாரும் காசு வாங்குவதில்லை. ரொட்டிக்கான உறைமாவு என்றதும் மட்டும் பேச்சு வேறு பக்கம் போகிறது. பாட்டில் என்ன விலை, லேபிளில் என்ன பெயர் போடலாம் என்கிறார்கள். இயற்கை விவசாயிகள் கூடும் இடங்களிலேயே இதைக் கேட்கிறேன். 'ஸ்டார்ட்டர்' 100 கிராம் 250 ரூபாய்க்குப் போகும் சார், இதுவும் மதிப்புக்கூட்டல்தானே என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை என்பது என் கட்சி.

உறைமாவில் என்ன இருக்கிறது? மாவு, தண்ணீர், தவிட்டோடு வரும் காட்டு ஈஸ்ட், தயிரில் உள்ளதைப் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியா. அவ்வளவுதான். தவிடு நீக்காமல் அரைத்த கோதுமை மாவு 50 கிராம், கிணற்றுத் தண்ணீர் 50 மில்லி, ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் கலக்கி, கண்ணாடி பாட்டிலில் தளர மூடி வையுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து தினமும் 50 கிராம் பழைய மாவை மட்டும் வைத்துக்கொண்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். உறை நன்றாக எழத் தொடங்கிய பிறகு மிச்சமாகும் மாவைத் தோசை மாவில் கலந்துவிடலாம்.

இரண்டாம் நாளே சிலருக்குப் பொங்கி வழியும். உடனே சந்தோஷப்பட வேண்டாம். அது வேறு பாக்டீரியாக்களின் ஆட்டம். புளிப்பு ஏறியதும் அவை ஓய்ந்துவிடும். மூன்றாம், நான்காம் நாள் மாவு செத்ததுபோலக் கிடக்கும். பலரும் அப்போதுதான் "வரலைங்க" என்று சாக்கடையில் கொட்டுகிறார்கள். கொட்டாதீர்கள். ஆறேழு நாளில் மறுபடி எழும். பழுத்த பழ வாசனையும் லேசான கள் வாசனையும் வரும். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ திட்டு விழுந்தால், பூஞ்சணம் பூத்தால், அதை மட்டும் யோசிக்காமல் எறிந்துவிட வேண்டும்.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் புளித்த ரொட்டியைத் தொடமாட்டார்கள். பன் மாதிரி வேண்டும். அதற்குத்தான் இனிப்பு உறை. எழுந்த உறைமாவில் 20 கிராம் எடுத்து, மாவு 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 20 கிராம், தண்ணீர் 60 மில்லி சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசையுங்கள். மாவு கெட்டியாக இருந்து, சர்க்கரையும் கூடும்போது, புளிப்பு உண்டாக்கும் பாக்டீரியாவின் வேகம் குறையும். ஈஸ்ட் அதைத் தாக்குப்பிடிக்கும். வெயில் காலத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் இரட்டிப்பாகும். மார்கழியில் எட்டு, ஒன்பது ஆகலாம். கருப்பட்டியும் போடலாம், கரைத்து வடிகட்ட மறக்காதீர்கள். ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம். வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, குக்கரின் அடியில் உப்பு பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்தாலே வெந்துவிடும்.

இனிப்பு உறை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆப்பத்துக்குக் கள் ஊற்றியதும் இதே வேலைதான். கோவாவில் பாவ் ரொட்டியைக் கள் ஊற்றித்தான் பொங்கவைத்தார்கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அதோடு நம் ஆப்பச்சட்டிக்குப் பாக்கெட் ஈஸ்ட் வந்து சேர்ந்தது. அது தனிக் கதை; இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் 'ஆமிஷ் நட்பு ரொட்டி' என்று ஒரு வழக்கம் உண்டு. மாவு, சர்க்கரை, பால் சேர்த்த இனிப்பு உறை. பத்தாம் நாள் அதை நான்காகப் பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டும். கணக்கு பார்த்தே பழகிய கை சும்மா இருக்குமா? எல்லோரும் விதிப்படி நடந்தால் ஒரு கிண்ணம் 100 நாளில் 10,48,576 கிண்ணம். கந்துவட்டிக்காரனுக்கே தலை சுற்றும்! வேண்டாதவர் தலையில் கட்டுகிற இந்தச் சங்கிலி எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம வெயிலில் பால் கலந்த மாவைப் பத்து நாள் வெளியே வைப்பதும் சரிப்படாது. ஆனால் அந்தக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறது. இவ்வளவு எளிதில் பெருகும் பொருளுக்கு 250 ரூபாய் என்றால், வாங்குபவருக்கு விவரம் தெரியாது என்பதுதான் அங்கே சரக்கு. ஏழு நாள் மாவுச் செலவு 30 ரூபாயைத் தாண்டாது.

காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண்மை மையம் வேஸ்ட் டிகம்போசரை 20 ரூபாய் பாட்டிலில் கொடுத்தது. 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ வெல்லத்தில் பெருக்கி, அதிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரு குடம் கொடுத்தவர்கள் நாம். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகக் கேட்டார். வருஷத்துக்கு நூறு சதவீத வட்டி! எந்த வங்கியும் கேட்க முடியாத வட்டியை விவசாயிகள் முகம் சுளிக்காமல் கட்டினார்கள், அது அடுத்தவர் வயலுக்குப் போகிறது என்று தெரிந்ததால்.

"சும்மா கொடுத்தா மதிக்கமாட்டாங்க சார்" என்றார் அதே தம்பி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இலவசமாகப் போனதில் பாதி ஃபிரிட்ஜின் மூலையில் சாகிறது. அதற்கு மருந்து விலை இல்லை, நிபந்தனை. உறை வாங்கியவர் இரண்டு மாதத்துக்குள் கேட்டு வரும் ஒருவருக்காவது கொடுக்க வேண்டும், எந்த மாவில் வளர்ந்தது என்று எழுதியும் தர வேண்டும்.

விற்க வேண்டியதைத் தாராளமாக விற்போம். ரொட்டியை விற்கலாம். அரைநாள் வகுப்பெடுத்தால் உழைப்புக்குக் கூலி வாங்கலாம். முக்கியமாக மாவை விற்கலாம். கோதுமை மாவோடு கால் பங்கு கேழ்வரகோ கம்போ கலந்தாலும் ரொட்டி நன்றாகவே வரும். அதற்குமேல் போனால் எழாது, சிறுதானியத்தில் பசைப்புரதம் இல்லை. உறை இருக்கும் வீட்டுக்கு வாராவாரம் மாவு வேண்டும். அந்த மாவு நம்ம காட்டிலிருந்து போகட்டும்.

தூரத்தில் இருப்பவருக்கு அனுப்ப, எழுந்த சாதா உறைமாவை வாழையிலையில் மெல்லிசாகத் தடவி நிழலில் காயவைத்து, நொறுக்கித் தபால் உறையில் போடுங்கள். உறையில் போட்ட உறை! வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மாவு சேர்த்துவந்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் வந்துவிடும். ஈர மாவைப் பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் பாட்டிலில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், மூடியை இறுக்கித் திருகாதீர்கள். சித்திரை வெயிலில் அது மடியிலேயே பொங்கும்.