பட்டாளத்துக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி

பட்டாளத்துலேர்ந்து திரும்பினவரைப் பார்த்தா நம்ம ஆளுங்க கேக்குறது ரெண்டே கேள்விதான். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" "பென்ஷன் எவ்வளவு வருது?" ரெண்டாவதுக்குப் பதில் சொல்லிடுவாங்க. மொதக் கேள்விக்குச் சிரிச்சிட்டுப் போறவரு அன்னிக்கு ராத்திரி தூங்குறாரான்னு நமக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேக்கவே கூடாதுங்கறது என் கருத்து.

எங்க காரைக்கால் பக்கம் பட்டாளம்னா ரெண்டு வகை. பிரெஞ்சுப் படையில இருந்தவங்களை 'சொல்தா'ம்பாங்க. பிரான்சுக்காக இந்தோசீனா வரைக்கும் போய்ச் சண்டை போட்டவங்களும் அதுல உண்டு. இன்னொரு வகை இந்திய ராணுவம். அதுல எனக்கு ரொம்ப உறுத்துறது 1987லேர்ந்து 1990 வரைக்கும் அமைதிப்படைன்னு இலங்கைக்குப் போய் வந்தவங்க கதை.

அமைதி காக்கன்னு போனாங்க. ரெண்டரை மாசத்துல சண்டை மூண்டுச்சு. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்தப்ப டாக்டர், நர்ஸ், நோயாளின்னு 60 பேருக்கு மேல செத்தாங்க. ஊழியர்கள் படுகொலைன்னாங்க, படைத்தரப்பு துப்பாக்கிச் சண்டைன்னுச்சு. நம்ம சிப்பாய்களும் அந்த மூணு வருஷத்துல சுமார் 1,200 பேர் செத்தாங்க. 1990 மார்ச்சுல மிச்சப் படை சென்னை வந்து இறங்குனப்ப முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகல. செத்த ஈழத் தமிழருக்காக அது நியாயம்னு சொன்னவங்க உண்டு. ஆனா அனுப்புன தலைவருங்க மேல இருந்த கோபத்தை உத்தரவுக்குப் போன சிப்பாயி சுமந்தான்.

எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தர் அங்க இருந்தவரு. தீபாவளி அன்னிக்கு வெடிச் சத்தம் கேக்காத தூரத்துக்கு, வயக்காட்டு மோட்டார் கொட்டாய்க்குப் போயிடுவாரு. பயம்னு நெனச்சோம். ஒருநாள் அவரா சொன்னாரு: "பயமில்லப்பா. அந்தக் கெழவி என்னைத் தம்பின்னு கூப்ட்டிச்சு." அவ்வளவுதான். மேல நான் கேக்கல.

பயத்தால வர்ற காயம் வேற, 'இதை நான் செஞ்சேனே', 'தடுக்காம நின்னேனே'ங்கற காயம் வேற. வியட்நாம் போய் வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பாத்த ஜோனதன் ஷேங்கற மனநல மருத்துவர் 1990கள்ல இந்த ரெண்டாவதைத் தனியா எடுத்துப் பேசுனாரு. மனசாட்சிக் காயம்னு வச்சுக்கலாம்.

நம்ம மண்ணுக்கு இது புதுசில்ல. நீடாமங்கலம் பக்கத்துல இருக்குற கோவில்வெண்ணிதான் அந்தக் கால வெண்ணி. அங்க கரிகாலனோட மோதின சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகுல பட்ட காயத்துக்கு வெக்கப்பட்டு வடக்கிருந்து செத்தாருன்னு புறநானூறு சொல்லுது. அதை வீரம்னு கொண்டாடுறோம். அவர் பக்கத்துல உக்காந்து ஆறுதலா ஒரு வார்த்தை பேச ஆள் இருந்துச்சான்னு நெனச்சுப் பாக்குறதில்ல.

2004 சுனாமில எங்க பக்கத்து வயல்கள்ல கடத்தண்ணி ஏறுச்சு. தண்ணி அன்னிக்கே வடிஞ்சிடுச்சு, உப்பு போகல. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணிய நிறுத்தி நிறுத்தி வடிச்சு, தக்கைப்பூண்டு மடக்கி உழுதுதான் மண்ணை மீட்டோம். மனுசனை மட்டும் "எல்லாம் மறந்துடு"ன்னு ஒரே வார்த்தையில தேத்தப் பாக்குறோம். மறக்கறதுக்கு எங்க ஊர்ல வழியும் சுலபம், சாராயத்துக்குக் காரைக்கால்ல பஞ்சமே இல்ல. "பட்டாளத்தான் குடிகாரன்"னு பேரும் வச்சிடுறோம்.

முகாம்ல முட்டிவலி பாக்குறாங்க, சர்க்கரை பாக்குறாங்க. தூக்கம் வருதான்னும் கேக்கணும். 14416ன்னு டெலி மானஸ் எண் இருக்கு, காசில்ல, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். வீட்டுக்காரங்களும் கூப்பிட்டு யோசனை கேக்கலாம்.

பட்டணத்துல இருக்குற உங்களுக்கும் இது தூரத்து விஷயமில்ல. உங்க அபார்ட்மென்ட் வாசல்ல, ஏடிஎம் வாசல்ல நிக்கிற பெரியவர் பல பேரு பழைய பட்டாளத்துக்காரங்கதான். எத்தனை பேரைச் சுட்டீங்கன்னு கேக்காதீங்க. "சாப்டீங்களாய்யா, ராத்திரி தூங்குனீங்களா"ன்னு கேளுங்க. அவரா ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா, சரி தப்புன்னு தீர்ப்பு சொல்லாம முழுசா கேளுங்க.